வாயைப் பார்த்துப் படித்த பாட்டு

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பழைய தேவாலயங்கள் பலவற்றின் வாசலில் ஆராதனை நேரங்களை எழுதிய பலகை நிற்கும். ஒரு நேரம் சிங்களத்துக்கு, ஒரு நேரம் தமிழுக்கு, மாதத்தில் ஏதோ ஒரு ஞாயிறு ஆங்கிலத்துக்கு. முதல் ஆராதனைக்காரர்கள் குடையை விரித்துக்கொண்டு இறங்கும்போது அடுத்தவர்கள் குடையை மடக்கிக்கொண்டு படியேறுவார்கள். ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஒரே குருவானவர், ஒரே பீடம், ஒரே கிண்ணம். ஆனால் ஒருவர் வீட்டுத் தேத்தண்ணியை மற்றவர் குடித்திருக்க மாட்டார். நான் வளர்ந்த சபையும் அப்படிப்பட்டதுதான்.

இலங்கையில் சிங்களவரும் தமிழரும் கணிசமான தொகையில் சேர்ந்திருக்கிற மதம் கிறிஸ்தவம்தான், ஆகவே நாட்டைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது என்று சிறுவயது முதல் பிரசங்கங்களில் கேட்டு வந்திருக்கிறேன். மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடு இருக்கிறோம். சேர்ந்திருக்கிறோம் என்பது உண்மை. சேர்ந்திருந்து ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன படித்தோம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் தமிழர் சிங்களம் படித்தார்கள். கடைக்கும் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது வேண்டியிருந்தது. துரையின் வாயிலிருந்து நாலு ஆங்கிலச் சொல்லும் படித்தார்கள். அவர்களிடம் வந்து உட்கார்ந்து எதையாவது படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒரு பக்கத்துப் படிப்பு மாறாதவரை பல இனச் சபை என்று நம்மைச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான் இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரே விஷயம்.

என் தாத்தா உபதேசியார். அவருடைய தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மிஷன் வேலைக்காக வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கம் 1854-ல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கென்று ஒரு தனி ஊழியத்தைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. தேயிலை அப்போது வரவில்லை, கோப்பிக் காலம். துரைமார் பணம் கொடுத்தார்கள், திருநெல்வேலிச் சபைகள் உபதேசிமாரைக் கொடுத்தன. விடியற்காலை பெரட்டுக்களத்தில் ஆள்புள்ளி எடுத்து முடிகிற நேரத்தில் உபதேசியார் போய் நிற்க வேண்டும். துரை அனுமதித்தால் பத்து நிமிஷம் பேசலாம். பிறகு அடுத்த தோட்டத்துக்கு நடை.

தாத்தா இதைப் பெருமையாகத்தான் சொல்வார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார். வந்த உபதேசிமாருக்குத் தோட்டத்துச் சனங்களின் பேச்சு முதலில் பிடிபடவில்லையாம். லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். பாட்டு வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு. அதைவிட, வந்தவர் ஒரு சாதி, கேட்டவர்கள் ஒரு சாதி. திண்ணை எது, முற்றம் எது என்று இரு தரப்புக்கும் தெரியும். லயத்துக் கதவு தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க அந்த முதல் தலைமுறை உபதேசியாருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது என்பார் தாத்தா. அந்தத் தண்ணீரை அவர் குடித்த நாளில்தான் நம்ம சபை பிறந்தது என்பதும் அவர் வாக்கு. சிங்களவரோடு சேர்வது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். தமிழரோடு தமிழர் சேரவே ஒரு தலைமுறை தேவைப்பட்டிருக்கிறது.

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே வார்லே கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. 1878-ல் கட்டியது. கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி ஜன்னல், சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். பள்ளி விடுமுறையில் அப்பா எங்களை அங்கே கூட்டிப்போய்க் கல்லறைக் கற்களை வாசிக்கச் சொல்வார். ஆங்கிலம் பழகட்டும் என்று. இருபத்தைந்து, முப்பது வயதில் காய்ச்சலிலும் விபத்திலும் போனவர்கள் பலர். வாசிக்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டப்படும். தாய் தகப்பனை விட்டு எங்கோ வந்து செத்த பிள்ளைகள். அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அக்கா கேட்டாள்: "அப்பா, நம்ம ஆளுங்களோட கல்லறை எங்கே இருக்கு?" அப்பா கீழே தேயிலை மலையைக் காட்டினார். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தபோது விழுந்தவர்கள் வழியிலேயே போனார்கள். தோட்டத்தில் செத்தவர்கள் தேயிலைக்குள்ளே போனார்கள். கல் வைக்கிற வழக்கம் இல்லை, வசதியும் இல்லை.

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்து வளவில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்படக் கலையில் பெரிய பெயர். இங்கிலாந்திலிருந்து வந்து இலங்கையில் கடைசிக் காலத்தைக் கழித்து 1879-ல் இறந்தவர். இங்கே இருந்தபோதும் அவர் படம் எடுத்தார், இந்த நாட்டுச் சனங்களை. ஒரு பிரதியை நான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். நேராக நம்மைப் பார்க்கிற முகம். படத்தில் இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் குறிக்கப்படவில்லை. ஒரு சபை தன் சுவரில் யார் பெயரை எழுதியிருக்கிறது, யார் பெயரை எழுதவில்லை என்பதைப் பார்த்தாலே அங்கே யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று சொல்லிவிடலாம். இன்று அந்த ஆலயங்களைக் கூட்டித் துடைத்து, பூ வைத்து, மணி அடித்துக் காப்பாற்றி வருகிறவர்கள் துரைமாரின் பேரப்பிள்ளைகள் இல்லை. தோட்டத்துச் சனங்கள்தான்.

அம்மா வழி கத்தோலிக்கர். அம்மாயி சொல்லும் பழைய பூசைக் கதைகளில் இலத்தீன் வரும். யாருக்கும் புரியாது, சிங்களவருக்கும் புரியாது, தமிழருக்கும் புரியாது. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் முழந்தாளிட்டு, ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே கதவால் வெளியே வருவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தாய்மொழிக்கு வந்தது. அம்மாயிக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம், கடவுளோடு நம்ம பாஷையிலே பேசலாமே என்று. நல்ல காரியம், வரவேண்டிய காரியம். ஆனால் அதோடு பூசைகளும் இரண்டாகின. சிங்களப் பூசைக்கு ஒரு கூட்டம், தமிழ்ப் பூசைக்கு ஒரு கூட்டம். நெடுங்காலம் ஒரே வாங்கில் உட்கார்ந்த அம்மாயியும் பக்கத்துக் கிராமத்து மெனிக்கே அம்மாவும் அதற்குப் பிறகு வாசலில்தான் சந்தித்தார்கள். இதற்காக இலத்தீனுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவருக்கும் புரியாத நாளில் சேர்ந்திருந்தது, ஒருவரையொருவர் அறிந்து சேர்ந்ததாகாது. மெனிக்கே அம்மாவின் வீட்டுக்காரர் என்ன வேலை செய்தார் என்று அம்மாயிக்குக் கடைசிவரை தெரியாது.

வருடத்தில் ஒரு முறை அம்மாயி வீட்டார் மடு மாதா கோவிலுக்குப் போவார்கள். ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழா. அங்கே நீர்கொழும்புச் சிங்கள மீனவரும் மன்னார்த் தமிழரும் மலைநாட்டுச் சனமும் காட்டு மரங்களுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் கூடாரம் போட்டு அடுப்பு மூட்டுவார்கள். உப்புக் கேட்டு, நெருப்புக் கேட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அப்படியே பாஷை வந்துவிடும். கோவிலுக்குள் பூசையில் வராத ஒட்டுறவு அடுப்படியில் வந்தது என்று அம்மாயி சொல்வார். பிறகு யுத்தம் வந்தது, போக்குவரத்து நின்றது.

எங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிறந்த அத்தாட்சிப் பத்திரம் இல்லாதவர்கள் ஞானஸ்நானப் பதிவாவது கிடைக்குமா என்று தாத்தாவிடம் வருவார்கள். தடித்த அட்டை போட்ட பெரிய புத்தகம். நீல மை, சாய்ந்த எழுத்து. பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், தொழில் என்று கோடு கிழித்த கட்டங்கள். தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்: கூலி. தாத்தா விளக்கைக் கிட்டவைத்து விரலால் வரி வரியாகத் தேடுவார். கிடைத்துவிட்டால் வந்தவர் அழுதுவிடுவார். சிங்களப் பதிவுகளும் அதே அலுமாரியில்தான் இருந்தன. சிங்களவர்களுக்கு அதைத் திறந்து தேட வேண்டிய தேவை ஏற்படவே இல்லை. ஒரே சபையின் இரண்டு பாதிகள் ஒரே அலுமாரிக்கு முன்னால் எவ்வளவு வேறுபட்ட வாழ்க்கை வாழ்ந்தன என்பதை அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பேன். சொல்லவில்லை. ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்கு, இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, ஒப்பாரிக் கோச்சி புறப்பட்ட நாட்களில் தமிழ் ஆராதனையில் வாங்குகள் வெறிச்சோடின. சிங்கள ஆராதனை வழக்கம்போல நடந்தது.

போனவர்களில் சித்தப்பா குடும்பமும் உண்டு. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கேயும் ஆலயம் இருந்தது, அங்கேயும் தமிழ்தான். ஆனால் அங்கே அவர்கள் சிலோன்காரர்கள். கடைசி வாங்கு. சித்தப்பாவின் கடிதம் ஒன்றில், பாட்டு ஒன்றுதான், ராகம் வேறாயிருக்கிறது, நாங்கள் பாடினால் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஒரே மொழி பேசுகிற சபைக்குள்ளும் யார் ராகம் சரியான ராகம் என்ற கேள்வி இருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் அது வேறு விதமாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நல்ல போதகர்கள் பலர் இருந்தார்கள்; எங்களுக்கு எழுத்தறிவித்த வாத்தியார்கள் இருந்தார்கள். ஆனால் எங்கள் பேச்சைத் திருத்திக்கொண்டே இருந்தவர்களும் இருந்தார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைப் பீடத்தில் இருந்து யாரும் சொன்னதில்லை. தேநீர் வேளையில் காதில் விழுந்ததுண்டு. சிங்கள - தமிழ் ஒற்றுமை என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். சாதியும் அப்படித்தான். மேல் லயத்துக்காரர் முதலில் எழும்பி நற்கருணைக்குப் போவார், பணிய லயத்துக்காரர் காத்திருப்பார். யாரும் சட்டம் போடவில்லை. பொதுக் கிண்ணம், ஆகவே வரிசை முக்கியம்.

1983 ஜூலையில் நுவரெலியா நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் இரவில் வானம் சிவந்திருந்தது. சில குடும்பங்கள் ஆலய வளவுக்குள் வந்து தங்கின. சிங்கள ஆராதனைக்கு வரும் வீடுகளிலிருந்து இரண்டு வீட்டார் அரிசியும் பால்மாவும் கொண்டுவந்து கொடுத்தார்கள், இருட்டில், தலையில் துணி போட்டுக்கொண்டு. அவர்களுக்கும் பயம். அந்த இரண்டு வீட்டாரை எங்கள் குடும்பம் மறக்கவில்லை. மற்ற வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன என்பதையும் மறக்கவில்லை. அதற்கடுத்த மாதங்களில் ஆலய வாசலில் தலையசைப்புகூட நின்றுபோனது. பேசினால் எதைப் பேசுவது?

அந்த வருடம் ஒரு சிங்களப் பேராயர் பேசினார். குருநாகல் மறைமாவட்டத்தின் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. கலவரம் நடந்தபோது அவர் நாட்டில் இல்லை. திரும்பி வந்ததும் அகதி முகாம்களுக்குப் போனார், யாழ்ப்பாணத்துக்குப் போனார். தன் மறைமாவட்டத்துக்கு ஆற்றிய கடைசி உரையில், நடந்ததற்குச் சிங்களவர்கள் வெட்கப்பட வேண்டும், பொறுப்பேற்க வேண்டும் என்று தன் சொந்தச் சனத்தைப் பார்த்தே சொன்னார். அக்டோபர் 23-ந் தேதி இறந்துவிட்டார். அப்பா அந்தப் பேச்சின் தமிழாக்கத்தை எங்கிருந்தோ வாங்கிவந்து மேசையில் வைத்து எங்களை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிந்ததும் அம்மா சொன்னது: "ஒருத்தராவது சொன்னாரே." பெரும்பான்மையினத்தைச் சேர்ந்த ஒருவர் தமிழரிடம் வந்து, நீங்கள் என்ன பட்டீர்கள் என்று கேட்டுப் படித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன் பிறகு சில வருஷங்கள் கழித்து எங்கள் சபைக்கு இளம் குருவானவர் ஒருவர் வந்தார். சிங்களவர். பிலிமத்தலாவையிலுள்ள இலங்கை இறையியல் கல்லூரியில் படித்தவர். 1963-ல் அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து தொடங்கிய கல்லூரி அது. சிங்களத்திலும் தமிழிலும் பாடம் நடத்துகிறார்கள். இரு மொழி மாணவரும் ஒரே விடுதியில் இருப்பார்கள். தமிழ் அவருக்கு அங்கே தொட்டுப் பார்த்த அளவுக்குத்தான் வந்திருந்தது. வந்த முதல் வாரமே தோட்டத்துக்கு நடந்துவந்து அத்தையின் காம்பராவில் பலகையில் உட்கார்ந்து, "அக்கா, எனக்குத் தமிழ் படிச்சுக் கொடுங்க" என்றார். அத்தை கொழுந்து எடுப்பவர், மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளி. திகைத்துப்போய், "பாதர், நான் என்னத்தப் படிச்சுக் கொடுக்க?" என்றார். "நீங்க பேசுறத" என்றார் அவர். வாரத்தில் இரண்டு நாள் பின்னேரம் படங்கைக் கழற்றிவைத்துவிட்டு, கையிலிருந்த தேயிலைக் கறையைத் தேய்த்துக்கொண்டே அத்தை பேசுவார். குருவானவர் கொப்பியில் எழுதுவார். அத்தை திருத்துவார். எங்கள் லயத்தில் யாரும் ஒரு குருவானவரைத் திருத்தியதில்லை.

பாடகர் குழுவைச் சேர்த்தது அவர்தான். நத்தார் ஆராதனையை ஒன்றாக நடத்தப் போகிறோம், சிங்களவர் தமிழ்ப் பாட்டும் தமிழர் சிங்களப் பாட்டும் பாட வேண்டும் என்றார். முணுமுணுப்பு இரு பக்கமும் இருந்தது. சிங்களப் பக்கத்தில் ஒரு டீச்சர், நல்ல குரல். அவர் தமிழ்ப் பாட்டைச் சிங்கள எழுத்தில் சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். நாங்கள் சிங்களப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டோம். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் 'ழ'வுக்கு அவர்களிடம் எழுத்து இல்லை. அவர்கள் மூன்று நான்கு விதமாகச் சொல்லும் 'ப'வுக்கும் 'க'வுக்கும் எங்களிடம் ஒவ்வோர் எழுத்துத்தான். கொப்பியில் பார்த்து நாங்கள் பாடினால் அவர்களுக்குச் சிரிப்பு, அவர்கள் பாடினால் எங்களுக்குச் சிரிப்பு. டீச்சர் சிவப்புப் பேனையால் அந்த எழுத்துகளுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, கொப்பியை மூடிவைத்து, என்னைக் கூப்பிட்டார். "மல்லி, இங்க வா. வாயைக் காட்டிச் சொல்லு." நான் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு திரும்பச் சொன்னார். சரியாக வரவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு சிங்களப் பெரியவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு, நான் சரி என்று சொல்லும்வரை காத்திருந்த அந்த நிமிஷம் என்னை என்னவோ செய்தது. பிறகு நான் அவர் வாயைப் பார்த்தேன்.

அந்த நத்தார் ஆராதனை அப்படியொன்றும் பிரமாதமாக அமையவில்லை. நீளம் அதிகமாகிவிட்டது, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், இரு பக்கத்திலும் சிலர் வராமல் இருந்தார்கள். ஆனால் டீச்சர் வீட்டுக்கு நாங்கள் பாற்சோறு சாப்பிடப் போனோம். அவர் எங்கள் காம்பராவில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டார். அதுவரை நடக்காதது நடந்தது.

அறுப்புப் பண்டிகையும் அசனமும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து எங்களுக்கு வந்த வழக்கம். கோவா, லீக்ஸ், கரட், கிழங்கு, பூசணி, இரண்டு சேவல், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஏலத்தை அப்பா விடுவார், முன்பு தமிழில் மட்டும். இளம் குருவானவர் காலத்தில் இரு மொழியிலும் விட ஆரம்பித்தோம். கந்தப்பளையில் தோட்டம் செய்யும் சிங்களக் குடும்பத்தின் லீக்ஸ் கட்டை எங்கள் கணக்கப்பிள்ளை ஏட்டிக்குப் போட்டியாக ஏற்றி எடுத்ததும் கைதட்டல் விழுந்தது. அசனம் சமைப்பதில்தான் பெரிய பேச்சு. அதுவரை சமைத்தது ஒரு சாதி ஆட்கள்தான். சிங்களப் பெண்களும் அடுப்புக்கு வருகிறார்கள் என்றதும் யார் சமைப்பது, யார் பரிமாறுவது என்று பழைய கேள்வி எழும்பியது. அத்தை முன்னால் வந்து, "அவங்க வெட்டட்டும், நாங்க வடிக்கிறோம், எல்லாரும் ஒண்ணா உக்காரணும், இல்லாட்டி நான் அடுப்பப் பத்த வைக்க மாட்டேன்" என்றார். அத்தை பணிய லயம். சிங்களவர் வந்து சேர்ந்தபோது தமிழருக்குள் கிடந்த சுவரும் சேர்ந்து அசைந்தது என்று எனக்கு அன்றே தோன்றியது.

பல வருஷம் கழித்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்குப் போனபோது தியோபிலஸ் அப்பாவுவைப் பற்றி அறிந்தேன். அங்கே கற்பித்தவர், 2005-ல் இறந்தவர். பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்பதையே நற்கருணையின் பொருளாகச் சொன்னவர். எங்கள் அத்தையின் அடுப்பு ஞாபகம் வந்தது. தப்பு அடிப்பது எங்கள் சபையில் வெகு காலம் விலக்கு. அது மாரியம்மன் கோவில் வாத்தியம் என்பார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பரா இந்துச் சனம், அவர்கள் திருவிழாவில் எங்கள் பையன்களும் தப்பு அடிப்பார்கள். ஆலயத்துக்கு வந்தால் கை கட்டி நிற்பார்கள். இப்போது அறுப்புப் பண்டிகைக்குத் தப்பு வருகிறது. சிங்களப் பையன்கள் தங்கள் பெர மேளத்தைக் கொண்டுவந்து கூடச் சேர்கிறார்கள்.

இந்த மண்ணின் கலை ஆலயத்துக்குள் வர முடியும் என்பது கண்டியில் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1923-ல் அடிக்கல் வைத்து 1935-ல் பிரதிஷ்டையானது. கண்டி அரச மண்டபத்தைப் போலக் கல்தூண்கள். சுவரில் டேவிட் பெயின்டரின் ஓவியங்கள். அவருடைய தகப்பன் ஆங்கிலேயர், தாய் சிங்களவர். நுவரெலியாவில் அவர்கள் பிள்ளைகள் இல்லம் ஒன்றை நடத்தினார்கள். அந்த ஓவியங்களில் வேதாகமக் கதைகள் இந்த மண்ணின் முகங்களோடு நடக்கின்றன. ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்பே அப்படிக் கட்டவும் வரையவும் சிந்தித்தார்கள். ஆனால் அந்தத் தூண்களுக்கு மேலே இருக்கிற மலைகளில் கொழுந்து எடுத்தவர்களின் கலை எதுவும் எந்த ஆலயச் சுவருக்கும் அப்போது வரவில்லை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடியவர்களுக்குக் கலை இல்லை என்று யார் முடிவு செய்தது?

பல இனத்தாரைச் சேர்க்கும் இந்த முயற்சியில் உலகத்தில் வேறு சபைகளும் இறங்கியிருக்கின்றன. ஆஸ்திரேலிய ஐக்கிய சபை 1985-லேயே தன்னைப் பல பண்பாட்டுச் சபை என்று அறிவித்தது. கனடா ஐக்கிய சபை 2006-ல் அதற்கு ஒரு படி மேலே போய், பல இனத்தார் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதாது, ஒருவரால் ஒருவர் மாற வேண்டும், அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு வந்தது. நல்ல தீர்மானம். ஆனால் இதை நமக்குச் சொல்லக் கனடா வேண்டியதில்லை. கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972-ல் தொடங்கிய சத்தியோதயம் அதைத்தான் செய்து வந்தது. சிங்களவரும் தமிழரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, தோட்டத்துக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் சேர்ந்து போனார்கள். தோட்டத்துச் சனத்தின் சம்பளமும் குடியுரிமையும் சிங்களக் கிராமத்தவரின் காணிப் பிரச்சினையும் ஒரே பேச்சில் பேசப்பட்டன. வழிபாட்டை மட்டும் ஒன்றாக்கி வாழ்க்கையைத் தனித்தனியே விட்டால் எதுவும் நடக்காது என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

அம்மா பல வருஷம் ஆலயப் பரிபாலன சபையில் இருந்தார். கூட்டம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும். முடிவில் குறிப்பை நீட்டுவார்கள், அம்மா கையெழுத்துப் போடுவார். என்ன பேசினார்கள் என்று அப்பா கேட்டால், "கூரைக்குத் தகரம் மாத்தணுமாம்" என்பார். மற்றது விளங்காது. நத்தார் ஆராதனையில் தமிழ்ப் பாட்டு வந்த பிறகும் இது மாறவில்லை. பாட்டில் இடம் கொடுப்பது எளிது. பணப்பெட்டிச் சாவியிலும் கூட்டக் குறிப்பிலும் இடம் கொடுப்பது கடினம். இளம் குருவானவர் மாற்றலாகிப் போன பிறகு வந்தவருக்குத் தமிழும் இல்லை, படிக்கும் ஆசையும் இல்லை. இரண்டு வருஷத்தில் ஆராதனைகள் மறுபடி தனித்தனியாகின. எங்கள் லயத்திலிருந்து பல குடும்பங்கள் பக்கத்து ஜெப வீடுகளுக்குப் போய்விட்டன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே போன முதல் நாளே, "அக்கா, நீங்க எழும்பி ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டார்களாம். எங்கள் ஆலயத்தில் அந்த அக்காவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஒரு நல்ல குருவானவரை நம்பி மட்டும் நடந்தால் அவரோடு அது போய்விடும். இதுதான் எங்கள் சபையின் கதை. எங்கள் பக்கத்தில் வேறு பல சபைகளின் கதையும் இதுவே.

2023-ல் மலையகத்துச் சனம் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததன் நினைவாக ஜூலை 28-ந் தேதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12-ந் தேதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் குருமார், கன்னியாஸ்திரிமார், சிங்களத் தோழர்கள் என்று பலர் சேர்ந்து நடந்தார்கள். முன்னோர் விழுந்த வழியில் நடந்தார்கள். அதில் நடந்த ஒரு சிங்கள இளைஞன், தோட்டத்துக் கதையைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நடக்கும்போதுதான் படித்தேன் என்றான். நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் பக்கத்திலேயே இருந்தும் படிக்காததை அவன் வெயிலில் நடந்து படித்திருக்கிறான்.

அடுத்த வருடாந்தக் கூட்டத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் பரிபாலன சபைகளுக்கு என் வேண்டுகோள் இது. கூட்டக் குறிப்பைத் தமிழிலும் எழுதுங்கள். வருடத்தில் ஒரு கூட்டத்தையாவது தோட்டத்தில் வையுங்கள், வேலை விடும் நேரத்துக்குப் பிறகு. கொழுந்து எடுக்கும் பெண் ஒருவரைப் பொருளாளராகத் தெரிவு செய்யுங்கள். தமிழ் தெரியாத குருவானவரைத் தோட்டப் பகுதிக்கு அனுப்புவதாயிருந்தால், முதல் ஆறு மாதம் அவரை லயத்துக்குப் படிக்க அனுப்புங்கள். படிப்பித்துக் கொடுப்பவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.